மைனஸ் மூன்றின் வர்க்கம்

பொங்கல் முடிந்து திருப்புதல் தேர்வுகள் தொடங்கிவிட்டால் ராத்திரி ஒன்பதரைக்கு மேல்தான் என் போன் சத்தம் போட ஆரம்பிக்கும். முதல் வருஷம் எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. பகல் முழுக்கப் பள்ளியில்தான் இருக்கிறேன், சாயங்காலம் சிறப்பு வகுப்பும் எடுக்கிறேன், அப்போதெல்லாம் வாயைத் திறக்காமல் தூங்கப் போகிற நேரத்தில் என்ன சந்தேகம் வருகிறது இந்தப் பிள்ளைகளுக்கு என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, வீட்டுக்கு ஒரே போன், அது காலையிலேயே அப்பாவோடு வேலைக்குப் போய்விடும், அவர் திரும்பி வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகுதான் பிள்ளை கைக்கு வரும்.

எங்கள் பள்ளி திருமங்கலம் பக்கம், ஆறு முதல் பத்து வரை உள்ள உயர்நிலைப் பள்ளி. சுற்றிலும் மல்லிகைத் தோட்டங்கள். பொதுத்தேர்வு நெருங்குகிற மார்ச்சில்தான் பூ சீசனும் சூடு பிடிக்கும். மொட்டு விரிவதற்குள் பறித்து மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு ஏற்றிவிட வேண்டும், அதனால் தோட்டத்துக்குப் போகிற வீட்டில் பிள்ளைகளும் விடியுமுன் எழுந்துவிடுவார்கள். முதல் பீரியடில் கொட்டாவி விடுகிற பிள்ளையைத் திட்டுவதை நான் நிறுத்தி ரொம்ப வருஷம் ஆகிறது.

அப்படி ஒரு பிள்ளை போன வருஷம் என்னிடம் படித்தாள். பெயர் வேண்டாம். வகுப்பில் பேசவே மாட்டாள், ஆனால் ராத்திரி தவறாமல் ஒரு போட்டோ வரும். புத்தகப் பக்கம், ஓரத்தில் அவளுடைய கட்டைவிரல், கீழே "டீச்சர் இந்தக் கணக்கு" என்று இரண்டு வார்த்தை. ஒரு நாள் வந்தது, எக்ஸ் வர்க்கம் − 2 எக்ஸ் − 15 = 0, சூத்திர முறையில் தீர்க்க. நானும் வெள்ளைத்தாளில் அழகாக, ஒரு படி விடாமல் போட்டு அனுப்பினேன். தன்மைக்காட்டி, அதாவது சூத்திரத்தில் வர்க்கமூலத்துக்குள் வருகிற பி வர்க்கம் − 4ஏசி, 4 + 60 = 64, அதன் வர்க்கமூலம் 8, மூலங்கள் 5, −3. "நன்றி டீச்சர்" என்று வந்தது. எனக்கும் திருப்தியாகத்தான் தூக்கம் வந்தது.

இரண்டாவது திருப்புதல் தேர்வில் அதே வகைக் கணக்கை எண்ணை மாற்றிக் கேட்டிருந்தார்கள். எக்ஸ் வர்க்கம் − 4 எக்ஸ் − 21 = 0. அவள் விடைத்தாளைத் திருத்தும்போது முதல் வரியில் வினாத்தாளில் இருந்த எண்கள் சரியாக இருந்தன. இரண்டாவது வரியிலிருந்து நான் அனுப்பிய எண்கள். அதே 64, அதே 8, கடைசியில் அதே 5, −3. நான் போட்டிருந்த அடிக்கோடு உட்பட. இந்தக் கணக்குக்கு விடை 7, −3. அந்த −3 தற்செயலாகப் பொருந்திப் போனதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் சிவப்புப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிள்ளை சும்மா இருக்கவில்லை, உட்கார்ந்து மனப்பாடம் செய்திருக்கிறாள். மனப்பாடம் செய்யக் கொடுத்தது நான்.

மறுநாள் சாயங்காலம் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்மா, நீ போடு, நான் பார்க்கிறேன்" என்றேன். அதே தேர்வுக் கணக்கு. சூத்திரத்தைச் சரியாக எழுதினாள். பிறகு −4இன் வர்க்கம் என்று போட்டு −16 என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை, அது எவ்வளவு கஷ்டம் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். அடுத்து 4ஏசி இருக்கும் இடத்தில் −21இன் மைனஸை விட்டுவிட்டு −84 என்று எழுதினாள். இப்போது தாளில் இருப்பது −16 − 84. ஒரு நொடி யோசித்தாள், "மைனஸும் மைனஸும் ப்ளஸ்" என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டாள், +100 என்று எழுதினாள். வர்க்கமூலம் 10. மூலங்கள் 7, −3.

விடை சரி. மூன்று இடத்தில் தப்பு, தப்புகள் ஒன்றையொன்று சரிக்கட்டி விடை சரியாக வந்துவிட்டது. வகுப்பில் வேகவேகமாக முப்பது நோட்டுத் திருத்தும்போது இதற்கு நான் டிக் அடித்துவிட்டுப் போயிருப்பேன். எத்தனை நோட்டில் அப்படி அடித்திருக்கிறேனோ.

அவள் எங்கே நிற்கிறாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இருபடிச் சமன்பாட்டில் அவளுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. அவள் நின்றுபோனது ஆறாம் ஏழாம் வகுப்பு முழுக்கள் பாடத்தில். "மைனஸும் மைனஸும் ப்ளஸ்" என்பது பெருக்கலுக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்த வாய்ப்பாடு. அதை எதற்குச் சொன்னோம் என்பது நாள்பட மறந்துபோகும், அந்தச் சந்தம் மட்டும் நாக்கில் நிற்கும், பிள்ளை அதைக் கூட்டலுக்கும் போட்டுவிடும்.

"கமிஷன் கடையில அப்பா அட்வான்ஸ் வாங்குவாரா?" என்று கேட்டேன்.

"வாங்குவாரு டீச்சர்."

"அஞ்சாயிரம் வாங்கினாரு. அடுத்த வாரம் மூணாயிரம் வாங்கினாரு. இப்ப என்ன கணக்கு?"

"எட்டாயிரம் கடன்." யோசிக்கவே இல்லை அவள்.

"மைனஸ் அஞ்சாயிரம், இன்னொரு மைனஸ் மூணாயிரம். உன் வாய்ப்பாட்டுப்படி பார்த்தா கடைக்காரர்தான் உங்களுக்கு எட்டாயிரம் தரணும்."

சிரித்துவிட்டாள். நான் வகுப்பில் அவள் சிரித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. −16 − 84 எவ்வளவு என்று மறுபடி கேட்டேன், −100 என்று எழுதினாள். எழுதிவிட்டுத் தானாகவே மேலே போய், "அப்ப இங்கன எங்கேயோ தப்பு இருக்கு டீச்சர், வர்க்கமூலம் எடுக்க முடியாதே" என்றாள். மீதி இரண்டு தப்பையும் அவளே கண்டுபிடித்தாள், பத்து நிமிஷம் ஆனது, நான் சும்மா இருந்தேன்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் மாற்றினேன். கணக்கை அனுப்பாதீர்கள், நீங்கள் போட்டதை அனுப்புங்கள். எந்த வரியில் நின்றதோ அந்த வரி வரைக்கும். ஒரு வாரம் போனே சத்தம் போடவில்லை. தப்பாகப் போட்டதை டீச்சருக்குக் காட்ட வெட்கம். அப்புறம் மெதுவாக வர ஆரம்பித்தது, ஆனால் அழிரப்பரால் அழித்துச் சுத்தமாக்கிய தாள்களாக வந்தன. அழிக்காதே, அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுது, அடித்ததைத்தான் நான் பார்க்கணும் என்று தினமும் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு வந்த தாள்கள்தான் எனக்குப் பாடம்.

ஒரு பையன் ஏற்றக்கோணத்தைக் கோபுரத்தின் உச்சியில் குறித்திருந்தான். படம் முழுக்கச் சரி, கோணம் மட்டும் உச்சியில். கேட்டால், "உச்சியோட ஏற்றக்கோணம்னுதானே டீச்சர் கேக்குறாங்க" என்கிறான். அவன் சொல்வது வாக்கியத்துக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது! மறுநாள் அவனை வெளியே கூட்டிப்போய் ஊர்த் தண்ணீர்த்தொட்டியைப் பார்க்கச் சொல்லி, "இப்ப எது தூக்குச்சு, தொட்டியா உன் தலையா?" என்று கேட்டேன். கோணம் தன் கண்ணில் இருக்கிறது என்று அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மீனாட்சி அம்மன் கோயில் தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி, கண் உயரத்தை விட்டுவிட்டால் எவ்வளவு தள்ளி நின்றால் 45 டிகிரியில் உச்சி தெரியும் என்று கேட்டதற்கு டேன் 45 ஒன்று, அதனால் 170 அடிதான் என்று உடனே சொன்னான். 30 டிகிரிக்கு இன்னும் பின்னால் போகணும், மூன்றின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 294 அடி வருது, அங்கே நின்றால் கடைகள் மறைக்கும் டீச்சர் என்றும் சொன்னான்.

இப்போதெல்லாம் கணக்கைப் போட்டோ எடுத்தால் படிப்படியாக விடை தருகிற ஆப்கள் இருக்கின்றன. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கேட்க ஆளில்லாத வீட்டில் அதுவாவது இருக்கட்டும். ஆனால் அவை தருவது அன்று ராத்திரி நான் வெள்ளைத்தாளில் போட்டு அனுப்பியதைத்தான். வினாவை மட்டும் காட்டினால் யாராக இருந்தாலும் அதைத்தான் தர முடியும்.

பாஸாக வைக்கிற முறை பற்றியும் சொல்ல வேண்டும். நூறு மதிப்பெண்ணுக்கு 35 எடுத்தால் தேர்ச்சி. வடிவியல் வரைதலுக்கு 8, வரைபடத்துக்கு 8, ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. அதனால் மெல்லக் கற்கிற பிள்ளைகளுக்கு முதலில் தொடுகோடு வரைவதும் வரைபடமும்தான், தினமும் ஒன்று, கை பழகுகிற வரைக்கும். இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன், பத்தாம் வகுப்பில் தோற்ற பெண்பிள்ளைக்கு எங்கள் பக்கத்தில் அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பயிற்சியிலும் பிள்ளை நின்றுபோன இடத்தைப் பார்க்க முடியும், பார்க்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

அவளே ஒரு வரைபடம் கொண்டுவந்தாள். ஒய் = எக்ஸ் வர்க்கம் − 2 எக்ஸ் − 15, அதே பழைய சமன்பாடுதான். வலது பக்கம் அருமையாக இருந்தது. 1க்கு −16, 2க்கு −15, 3க்கு −12, 4க்கு −7, 5க்கு 0, வளைவு ஏறிக்கொண்டே போகிறது. இடது பக்கம் −1க்கு −14, −2க்கு −15, −3க்கு −18, −4க்கு −23. லேசாக மேலே போய், பிறகு கீழே விழுந்து, பாம்பு மாதிரி. புள்ளிகளை அவள் குறித்ததில் தப்பே இல்லை, அளவுத்திட்டமும் சரி. அவசரத்தில் மறுபடியும் மைனஸ் எண்களின் வர்க்கத்தை மைனஸாகவே போட்டிருக்கிறாள். கடன் கதையில் கூட்டல் சரியானது, வர்க்கம் சரியாகவில்லை.

நான் சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை. தாளை எக்ஸ் = 1 என்ற கோட்டில் மடிக்கச் சொன்னேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். 2இல் உள்ள புள்ளி 0இல் உள்ளதன் மேல் உட்காருகிறது. 3இல் உள்ளது −1இன் மேல் உட்காரவில்லை, இரண்டு அலகு தள்ளி நிற்கிறது. "அங்கிட்டு இருக்கிற மாதிரியே இங்கிட்டும் இருக்கணுமா டீச்சர்?" என்றாள். அட்டவணைக்குப் போனாள். −1இன் வர்க்கத்தில் விரலை வைத்தாள். அப்புறம் −2, −3, −4, எல்லாவற்றையும் அடித்து 1, 4, 9, 16 என்று எழுதினாள். −3க்கு இப்போது 9 + 6 − 15, பூச்சியம் வந்தது. மூலம் அங்கேதான் இருந்திருக்கிறது.

அப்போது ஒன்று கேட்டாள். "கடனும் கடனும் சேர்ந்தா கடன்தான், அது சரி. கடனையும் கடனையும் பெருக்கினா எப்படி டீச்சர் வரவாகும்?" பதினாலு வருஷ சர்வீஸில் பத்தாம் வகுப்புப் பிள்ளை யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். −3 × 2 = −6. −3 × 1 = −3. −3 × 0 = 0. ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு கூடுகிறது என்றேன், மூணு மூணாகக் கூடுது என்றாள். அடுத்தது −3 × −1, அதே மாதிரி கூடினால்? "3." அதற்கடுத்து? "6, 9." சொல்லிவிட்டு அந்த 9ஐயே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, குறை சொல்கிற குரலே இல்லாமல், "இதை ஏழாப்புலயே சொல்லிருந்தா எனக்கு அப்பவே வந்திருக்கும்ல டீச்சர்" என்றாள்.

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. ஏழாம் வகுப்பில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, நானும் எத்தனையோ பிள்ளைகளுக்கு "சமக்குறிக்கு அங்கிட்டுப் போனா மைனஸ் ஆயிரும்" என்று சொல்லித்தான் சமன்பாட்டைக் கடத்தியிருக்கிறேன். அதனால்தான் 3 எக்ஸ் = 12 என்றால், 12 − 3 = 9 என்று எழுதுகிற பிள்ளை ஒவ்வொரு வருஷமும் நாலைந்து பேராவது இருக்கிறார்கள். பாடத்தை முடிக்கிற அவசரத்தில் நாங்கள் சுருக்கிச் சொன்னதை அவர்கள் விசுவாசமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அவள் பாஸாகிவிட்டாள், இப்போது திருமங்கலத்தில் பிளஸ் ஒன் படிக்கிறாள். இந்த வருஷம் தலைமையாசிரியரிடம் கேட்டு ஏழாம் வகுப்புக் கணக்கையும் நானே வாங்கிக்கொண்டேன். பத்தாம் வகுப்போடு அது வேண்டாத சுமை என்று உடன் வேலை பார்ப்பவர்கள் சொன்னார்கள், சுமைதான். நாளைக்கு முழுக்கள் தொடங்குகிறேன். வகுப்பறையின் நீளத்துக்கு ஒரு கயிறு வாங்கி, −10 முதல் +10 வரை அட்டை வெட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், பூச்சியம் மட்டும் சிவப்பு அட்டை. பிள்ளைகள் அதன் பக்கத்தில் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்து பார்க்கட்டும். வாய்ப்பாட்டை அப்புறம் அவர்களே சொல்வார்கள்.