ஆழாக்குப் பாலில் ஒரு வீட்டுச் சமையல்

பால்காரர் காலையில் ஊற்றிவிட்டுப் போகும் பால் காபியோடு தீர்ந்துவிடாது. மிச்சம் இரவில் தயிராகும். தயிரைக் கடைந்தால் வெண்ணெயும் மோரும், வெண்ணெயை உருக்கினால் நெய், மோர் புளித்துப்போனால் மோர்க்கூழ். இதில் எங்கே கோளாறு வந்தாலும் பாதி நேரம் காரணம் பாலில்தான் இருக்கும்.

மாட்டை வாசலுக்கே ஓட்டிவந்து கறந்து கொடுத்தவர்கள் உண்டு. சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு வந்து அளந்தவர்கள் உண்டு. அளவு ஆழாக்கு. எட்டு ஆழாக்கு ஒரு படி. பழைய கணக்கில் ஓர் ஆழாக்கு 168 மில்லி; பல ஊர்ப் பால்காரர்கள் கையில் அது 200 மில்லி. உயரத் தூக்கி ஊற்றி நுரையோடு அளந்தால் ஆழாக்கு நிறைந்துவிடும், நுரை அடங்கினதும் ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். அளந்து முடித்தபின் ஊற்றும் கொசுறு அதற்கு ஈடுகட்டத்தான். கேன் வாயில் பால் தளும்பாமலிருக்க வைக்கோல் செருகுவார்கள். வெயில் காலத்தில் பால் சீக்கிரம் திரிந்துபோக அந்த வைக்கோல் அழுக்கும் ஒரு காரணம்.

தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கப் பாலின் அடர்த்தியைக் காட்டும் பால்மானியை மட்டும் நம்பக்கூடாது. தண்ணீர் கலந்தால் பால்மானி காட்டும் எண் இறங்கும், அது சரி. ஆனால் ஆடையை எடுத்துவிட்டால் எண் ஏறும். ஆடையும் எடுத்து அளவாகத் தண்ணீரும் விட்டால் நல்ல பால் காட்டும் எண்ணையே காட்டும். காய்ச்சி ஆறவைத்து ஆடை எவ்வளவு தடிமனாகப் படிகிறது என்று பார்ப்பது வீட்டுக்கு ஏற்ற சோதனை. கஞ்சித்தண்ணீர் கலந்து கெட்டிக் காட்டினார்களா என்று சந்தேகம் வந்தால், காய்ச்சி ஆறிய பாலில் இரண்டு சொட்டு டிஞ்சர் அயோடின் விடுங்கள். மாவுச்சத்து இருந்தால் நீலம் பாயும்.

இன்னொன்று. ஒரே மாட்டில் முதலில் பீய்ச்சும் பால் நீர்த்தும், கடைசியில் வரும் பால் கொழுப்பேறியும் இருக்கும். இரவு இடைவெளி நீளமென்பதால் காலையில் பால் அதிகம் கிடைக்கும், கொழுப்பு விகிதம் குறைவு. மாலைப் பால் அளவில் குறைவு, ஆனால் கெட்டி. திரட்டுப்பால் காய்ச்ச மாலைப் பாலைச் சொல்லிவைத்து வாங்குங்கள்.

கறந்த பாலை நான்கு மணி நேரத்துக்குள் காய்ச்சிவிட வேண்டும். அதற்குமேல் வெளியில் வைத்தால் புளிப்பேறி, அடுப்பில் வைத்ததும் திரியும். அடிகனமான பாத்திரத்தில் முதலில் ஒரு கரண்டி தண்ணீர் விட்டு உள்ளே முழுக்க நனைத்து, பிறகு பாலை ஊற்றினால் அடிபிடிக்காது. பித்தளைப் பாத்திரமென்றால் ஈயம் பூசியிருக்கவேண்டும். ஈயம் தேய்ந்த பித்தளையில் தயிரையும் மோரையும் வைக்கவே கூடாது, களிம்பு இறங்கும்.

தயிருக்கு, காய்ச்சிய பால் விரல் வைத்தால் இதமாகச் சுடும் பதத்துக்கு வரவேண்டும், சுமார் 40 டிகிரி. அரை லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் உறை போதும். கோடையில் ஐந்தாறு மணி நேரம், மார்கழிக் குளிரில் எட்டுப் பத்து மணி நேரம். சூட்டோடு உறை ஊற்றினால் உறையே செத்துப்போய் பால் பாலாகவே இருக்கும், அல்லது தயிர் குருணை குருணையாகித் தண்ணீர் பிரியும். உறை கூடினால் புளிக்கும். குளிர்ந்த பாலில் உறை ஊற்றினால் கொழகொழவென்று நூல் விடும். அந்தத் தயிரை மறுநாள் உறைக்கு வைக்காதீர்கள், அந்தக் குணம் தொடர்ந்து வரும். உறையே இல்லாத நாளில் காம்போடு இரண்டு பச்சைமிளகாயை வெதுவெதுப்பான பாலில் போட்டு மூடிவையுங்கள். இளகலாகத்தான் உறையும், அதை எடுத்து இரண்டாம் முறை உறை ஊற்றினால் கெட்டித் தயிர்.

வெண்ணெய் எடுப்பவர்கள் ஆடையைத் தனியாகச் சேர்த்து, அதிலேயே உறை ஊற்றிக் கடையலாம். வெயில் நாளில் குளிர்ந்த தண்ணீர், குளிரில் லேசான வெந்நீர் விட்டு மத்தால் கடையவேண்டும். வெயிலில் வெண்ணெய் இளகி மோரோடு கலந்துவிடும், குளிரில் திரளவே திரளாது; தண்ணீர்ச் சூடு இதைச் சரிசெய்கிறது. கடுகளவு மணிகள் மிதக்கத் தொடங்கினதும் வேகத்தைக் குறையுங்கள். எருமைப்பால் ஒரு லிட்டரில் அறுபது கிராமை ஒட்டி வெண்ணெய் வரும். பாக்கெட் பாலென்றால் 6 சதவீதக் கொழுப்புள்ள ஆவின் ஆரஞ்சு வாங்குங்கள். 3 சதவீத நீலத்தில் வெண்ணெய் எடுக்கப் பார்ப்பது வீண் வேலை.

நெய் காய்ச்சும்போது கண்ணைவிடக் காது முக்கியம். வெண்ணெய் உருகிப் படபடவென்று பொரியும். அந்தச் சத்தம் ஓய்ந்தால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். அடியில் கசடு பொன்னிறமானதும் ஒரு கைப்பிடி முருங்கைக் கீரையைப் போட்டு, அது மொறமொறப்பானதும் இறக்குங்கள். முன்னால் இறக்கினால் நெய் சில நாளில் காறும். பின்னால் இறக்கினால் கசடு கருகிக் கசக்கும். வடிகட்டிய கசட்டையும் கீரையையும் சுடுசோற்றில் உப்புப் போட்டுப் பிசைந்து சாப்பிடவேண்டும். நெய்யைவிட அதற்குத்தான் போட்டி.

புளித்த மோர் மிஞ்சினால் மோர்க்கூழ். தஞ்சாவூர்ப் பக்கத்து மாலைப் பலகாரம் இது, இன்று பலருக்குப் பெயரே தெரியாது. பச்சரிசி மாவு ஒரு கப்புக்கு மூன்று கப் புளித்த மோர். உப்பு, பெருங்காயம் சேர்த்து முதலிலேயே கட்டியில்லாமல் கரைத்துவிடுங்கள். சூட்டில் மாவைக் கொட்டினால் கட்டி விழும். வாணலியில் நான்கு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் காய்ந்ததும் மோர்மிளகாய் நான்கைக் கருஞ்சிவப்பாக வறுத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்துக் கரைசலை ஊற்றுங்கள். தீ சிறியதாகவே இருக்கவேண்டும். பெருந்தீயில் மாவு வேகுமுன் நீர் வற்றி, பச்சைவாடை நின்றுவிடும். வெந்த மாவு பளபளவென்று எண்ணெய் கக்கி வாணலியை விட்டு விலகும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டாது. மோர் புளிக்காவிட்டால் இது வெறும் களி, அன்று செய்யவேண்டாம்.

பாக்கெட்டில் கிடைக்கவே கிடைக்காத ஒன்று சீம்பால். கன்று ஈன்ற மாட்டின் முதல் பால் கன்றுக்குத்தான் சேரவேண்டும். அது வயிறு நிறையக் குடித்தபின் மிஞ்சுவதை வாடிக்கை வீடுகளுக்குப் பால்காரர் கொண்டுவந்து கொடுப்பார். முதல் நாள் பாலுக்குச் சமஅளவு சாதாரணப் பால் கலக்கவேண்டும், இல்லாவிட்டால் ரப்பராக இறுகும். இரண்டாம் நாள் பாலுக்கு அதில் பாதி போதும். மூன்றாம் நாள் எதுவும் கலக்கவேண்டாம், அப்போதும் இளகலாகத்தான் வரும். லிட்டருக்கு 200 கிராம் வெல்லத்தைப் பாகாக்கி வடிகட்டி, நன்றாக ஆறவைத்துச் சேருங்கள். சூடான பாகு பட்டால் பால் அங்கேயே திப்பி திப்பியாகக் கட்டும். ஏலக்காயும் சுக்கும் தட்டிப்போட்டு, இட்லிப்பானையில் மூடிவைத்து இருபது நிமிடம் ஆவியில் வேகவிடவேண்டும். நேரடியாக அடுப்பில் வைத்தால் திரிந்துதான் போகும். அதிகம் வெந்தால் வில்லை முழுக்க ஓட்டை விழுந்து நீர் கசியும். கத்தி நுனி சுத்தமாக வெளிவந்ததும் இறக்கி, முழுக்க ஆறியபின் வில்லை போடுங்கள். பக்கத்தில் மாடு வைத்திருப்பவர் யாராவது இருந்தால் சினைமாடு எப்போது ஈனும் என்று இப்போதே கேட்டுவையுங்கள்.