மணலுக்கு பில் போட முடியாது

சுவர் உடைந்திருக்கவில்லை. அடியில் மண் போய், கடலைப் பார்த்தபடி முழங்கால் மடக்கி உட்கார்ந்திருந்தது.

2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையேறியது. அதற்கு மூன்று மாதம் கழித்து அந்தப் பூங்காவை முதன்முதலாகப் பார்க்கப் போனேன். புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய சின்ன ஊர். பெயர் வேண்டாம், அந்த ஊர் அலுவலகத்தில் இன்னும் எனக்கு ஒரு பில் பாக்கி இருக்கிறது. பேவர் பிளாக் பதித்த நடைபாதை, தண்ணீரே வராத ஒரு நீரூற்று, துதிக்கை ஒடிந்த யானைச் சறுக்கு, அதற்கப்பால் ஏழடிச் சுவர். பூங்காவில் உட்கார்ந்தால் கடல் சத்தம் கேட்கும், கடல் தெரியாது. மணலில் இறங்க வேண்டுமானால் சுவர் ஓரமாக நூறு நடை போய், உடைந்த படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். என் அம்மாவால் முடியாது. புடவை கட்டியிருந்தால் என்னாலும் முடியாது.

என் கையில் கொடுத்த எஸ்டிமேட்டில் இருந்தது ஒரே வரி: அதே சுவர், இரண்டடி கூடுதல் உயரத்தில்.

பதினோரு வருஷம் சிவில் வேலை பார்த்தவள் நான். அபார்ட்மெண்ட், பள்ளிக்கூடம், ஒரு கல்யாண மண்டபம். எல்லாம் நகராத நிலத்தில் கட்டியது. கடற்கரையில் தரை என்று நாம் நினைப்பது வழிப்போக்கன் மாதிரி, நேற்று இருந்தது இன்று இருக்காது. அது எனக்குப் புத்தகத்தில் படித்த அளவுக்குத்தான் தெரியும். அந்த எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடக்கூடத் தயாராகத்தான் போனேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரிந்த சுவரின் அடியில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். பக்கத்துக் குப்பத்துக்காரர். நான் டேப்பைப் பிடித்து அளப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, திரும்பியும் சொவரா?" என்றார்.

"ஆமாங்கய்யா. இந்தத் தடவை இன்னும் ஒசரமா."

"ஒசரம் வெச்சி இன்னா பண்றது? அல மேல ஏறி வந்தா சொவர சாச்சிச்சி? கீழ பூந்து வாரிக்கினு போச்சி."

நான் படித்ததையே அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். செங்குத்தான சுவரில் மோதும் அலையின் வலு எங்கும் கரைந்துவிடாது. திரும்பி விழும்போது சுவரின் காலடி மணலைத் தோண்டி எடுத்துக்கொண்டு போகும். அதே அலை மணல் சரிவில் ஏறினால் ஏறி ஏறியே களைத்துப்போகும். அஸ்திவாரம் வெளியே தெரிந்த இடத்தில் காங்கிரீட் பிளந்து கம்பி தெரிந்தது. உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்தால் முன்னைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். மேலே மூடியிருக்கும் காங்கிரீட்டை உள்ளேயிருந்தே வெடிக்க வைக்கும். கம்பியை மூடும் காங்கிரீட், அதாவது கவர், எவ்வளவு விட்டிருக்கிறார்கள் என்று அளந்தேன். படுக்கையறைச் சுவருக்கு விடுகிற அளவு.

பெரியவரிடம் அன்று முழுக்க உட்கார்ந்திருந்தேன். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைத் தெண்டி என்கிறார், வடக்கிலிருந்து வருவதை வன்னி. வருஷத்தில் பாதிக்கு மேல் தெண்டிதான் என்றும், மணல் அதோடுதான் வடக்கே பயணம் போகிறது என்றும், மழைக்காலத்தில் கொஞ்சம் திரும்பி வரும் என்றும் சொன்னார். இந்தக் கணக்கைக் கடல் பொறியாளர்கள் கன மீட்டரில் சொல்வார்கள். அவர், "எங்க கல்லக் கொட்னாலும் தெக்கால மேடு, வடக்கால பள்ளம்" என்பார்.

சோழமண்டலக் கரை முழுக்க இந்தக் கதைதான். சென்னைத் துறைமுகத்தின் தெற்குத் தடுப்புச்சுவர் எழுந்த பிறகு, வடக்கே போக வேண்டிய மணல் அங்கே தேங்கித் தேங்கித்தான் மெரினா இவ்வளவு அகலமானது. அந்த மணல் கிடைக்காமல் ராயபுரம் பக்கம் கரை தேய்ந்தது. நாம் மெரினாவில் உட்கார்ந்து சுண்டல் தின்பது ராயபுரத்தின் மணலில். புதுச்சேரியில் 1980-களின் கடைசியில் துறைமுகத் தடுப்புச்சுவர்கள் வந்தன, நகரத்தின் கடற்கரை போயே போய்விட்டது. பாறாங்கல்லைக் கொட்டினார்கள். அதற்கு ராக் பீச் என்று செல்லப்பெயரும் வைத்துக்கொண்டோம். 2018-ல் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் எஃகாலான ஆப்பு வடிவத் திட்டு ஒன்றைத் தண்ணீருக்கடியில் இறக்கியதற்குப் பிறகு தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணல் திரும்ப வந்தது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பாறை மேல் மட்டுமே நின்ற எனக்கு, அங்கே ஒரு குழந்தை மணலில் வீடு கட்டுவதைப் பார்த்தபோது தொண்டை அடைத்தது. அந்த மாதிரி பெரிய வேலைக்கு எங்கள் ஊரில் பணமும் கிடையாது, அதிகாரமும் கிடையாது. எங்களால் முடிந்தது ஒன்றுதான்: பின்வாங்குவது.

பின்வாங்குவது என்ற சொல்லை வைத்து ஒரு கூட்டத்தை நடத்திப் பாருங்கள். "அரசு நிலத்தை நீங்களே கடலுக்குக் கொடுக்கிறீங்களா மேடம்?" என்று கேட்டார்கள். சுவரை எடுத்துவிட்டு, பூங்காவின் கடல் பக்க மூன்றில் ஒரு பங்கை மணல் மேடாக விட்டுவிடுவோம், நடைபாதையும் விளையாட்டுச் சாமான்களும் சாலைப் பக்கம் வரட்டும் என்றுதான் நான் சொன்னேன். கடைசியில் காப்பாற்றியது நானோ என் படமோ இல்லை. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதியில் புதுச் சுவருக்கு அனுமதி வாங்க ஆகும் காலத்தையும், கழற்றி மாட்டக்கூடிய மரப்பாதைக்கு ஆகும் காலத்தையும் ஒருவர் ஒப்பிட்டுச் சொன்னார். நிதியாண்டு முடிய எட்டு மாதம்தான் இருந்தது.

மணல் மேடு கட்ட மணல் வாங்கவில்லை. காற்று வரும் திசைக்குக் குறுக்கே சவுக்குக் கழி நட்டு, பனையோலைத் தட்டியை இடைவெளி விட்டுக் கட்டினோம். பாதி அடைத்து பாதி திறந்திருக்க வேண்டும். முழுக்க அடைத்தால் அதுவும் சுவர்தான், காற்று சுழன்று அடியைப் பறிக்கும். தட்டியைத் தாண்டும் காற்று வேகம் குறைந்து, தூக்கி வந்த மணலைப் பின்னால் போட்டுவிடும். மேஸ்திரி முதல் நாள் என்னைப் பார்த்த பார்வை மறக்காது. "மேடம், பன்றி அடைக்கிற வேலி மாதிரி இருக்கு" என்றார். நாலாவது வாரம் தட்டிக்குப் பின்னால் முழங்கால் உயரம் மணல். அதற்குப் பிறகு தினமும் காலையில் வந்ததும் முதல் வேலையாக ஒரு குச்சியை வைத்து அவரே அளந்து சொல்ல ஆரம்பித்தார்.

மேட்டின் மேல் அடும்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் நட்டோம். அடும்பங்கொடியை வெட்டி மணலில் படுக்க வைத்து மண் மூடினால் போதும், கணுவுக்குக் கணு வேர் விடும். இராவணன் மீசை அப்படிச் சாது இல்லை. இலை நுனி ஊசி. அதன் காய்க்கொத்து காய்ந்ததும் முள்ளுப் பந்தாகி, காற்றில் கரையோரம் உருண்டோடும். ஒரு நாள் பெரியவரின் பேரப்பிள்ளைகள் அந்தப் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடியதைப் பார்த்தேன். யானைச் சறுக்கில் அப்படி ஒரு கூச்சலை நான் கேட்டதே இல்லை.

குப்பத்து ஊர்த் தலைவர்களான நாட்டார்கள் வைத்த நிபந்தனை ஒன்று: மேடு கரை முழுக்க ஓடக் கூடாது. பெரிய வலை இழுக்க ஆளுக்கு ஆள் தள்ளி நிற்க இடம் வேண்டும், போட் ஏற்ற வழி வேண்டும், வலை காயப்போட வேண்டும். எங்கள் வரைபடத்தில் அந்த இடத்துக்கு "வியூ பாயிண்ட்" என்று எழுதியிருந்தோம். அழித்தோம். எல்லோரும் வரலாம் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த கரைக்கு அவர்கள் தினமும் வந்துகொண்டுதான் இருந்தார்கள், எங்கள் படத்தில்தான் அவர்கள் இல்லை.

இனி என் தவறு.

மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக 263 மீட்டர் மரப்பாதையை 2022 நவம்பர் 27 அன்று திறந்தார்கள். பன்னிரண்டு நாளில் மாண்டஸ் வந்து அதன் ஒரு பகுதியைப் பெயர்த்தது. சிலர் கேலி செய்தார்கள். பிறகு சரிசெய்து திரும்பத் திறந்தார்கள், இன்றும் வீல்சேரில் கடலைப் பார்க்க வருகிறார்கள். நான் எடுத்துக்கொண்ட பாடம், பாதை அலையோடு சண்டை போடக் கூடாது, துண்டு துண்டாகக் கழன்று வர வேண்டும் என்பது. ஆறடி அகலம், நாலடி நீளம், நாலு பேர் தூக்கும் கனம், நட்டும் போல்ட்டும். சரிவு பன்னிரண்டுக்கு ஒன்று. சாதாரண ஸ்டெயின்லெஸ் போல்ட் ஒரு சீசனிலேயே டீக்கறை பிடித்தாற்போல் ஆகிவிடும் என்பதால் கடலுக்கென்றே வரும் 316 ரகம் என்று எல்லாவற்றையும் யோசித்தேன். பலகையை மட்டும் நீளவாக்கில் அடிக்கச் சொன்னேன். பார்க்க அழகாக, கடலை நோக்கிக் கோடு போட்டாற்போல் இருக்கும் என்று.

ஊரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர், சின்ன வயதில் போலியோவில் கால் போனவர், வெள்ளோட்டத்துக்கு வந்தார். பத்தடி போனதும் வண்டியின் முன்பக்கச் சின்னச் சக்கரம் இரண்டு பலகைக்கு நடுவிலிருந்த இடைவெளியில் இறங்கி, டிராம் தண்டவாளம் மாதிரி மாட்டிக்கொண்டது. விழவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். "மேடம், வண்டியில ஒரு தடவ நீங்க உக்காந்து பாத்தீங்களா?"

உட்கார்ந்து பார்க்கவில்லை. அன்று உட்கார்ந்தேன். என் வேலை எனக்கே வேறு உயரத்திலிருந்து தெரிந்தது. கைப்பிடிக் கம்பி சரியாக என் கண்ணுக்கு நேரே கடலை மறைத்துக்கொண்டு நின்றது. பலகைகளையெல்லாம் கழற்றிக் குறுக்குவாக்கில் அடித்து, கம்பியை இறக்கி வைக்க இரண்டு வாரம் ஆனது. அந்தக் கூலியை எங்கள் கம்பெனியே ஏற்றுக்கொண்டது என்று எழுத ஆசை. என் இன்கிரிமெண்ட் ஏற்றுக்கொண்டது.

விளக்கு விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் நிம்மதி இல்லை. ஜனவரியிலிருந்து பங்குனி ஆமைகள் முட்டையிட இந்தக் கரைக்கு வரும். பொரித்த குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் கடல் என்று நம்பி நடக்கும். ஹைமாஸ்ட் விளக்கு இருந்தால் ரோட்டுக்குப் போய்ச் சாகும். ஆனால் இருட்டான பூங்காவில் ஏழு மணிக்கு மேல் எந்தப் பெண் நடப்பாள்? நான் நடக்க மாட்டேன். முழங்கால் உயரத்தில், மேலே மூடிய, மஞ்சள் கலந்த செம்மை வெளிச்சம் வைத்தோம். ஆமைக்கு ஓரளவு சரி. தரை தெரியும், எதிரே வருபவர் முகம் தெரியாது. மீன் வறுத்து விற்கும் அக்கா ஒருத்தி தன் தள்ளுவண்டியைப் பாதை தொடங்கும் இடத்துக்கு மாற்றிக்கொண்ட பிறகுதான் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். அது என் டிசைனில் இல்லை.

ஆடிட் வந்தபோது கேட்ட கேள்வி: "மேட்டுக்கான மணல் எங்கே வாங்கப்பட்டது? லோடு ரசீது எங்கே?" காற்று கொண்டு வந்தது என்றேன். வேலையை அளந்து எழுதும் மெஷர்மெண்ட் புக்கில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை. கழிக்கும் ஓலைக்கும் பில் உண்டு, சுவரை இடித்ததற்கு உண்டு, பலகைக்கு உண்டு. கரையைக் காக்கிற அந்த மேட்டுக்கு ஒரு பைசா இல்லை. அந்தக் குறிப்புக்குப் பதில் எழுதி எழுதி மாளவில்லை, என் பாக்கி பில் அதன் அடியில்தான் கிடக்கிறது. செலவே ஆகாத ஒன்றைத்தான் நம் அலுவலகங்கள் அதிகமாகச் சந்தேகப்படுகின்றன.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அந்த ஒரு நாளில் புதுச்சேரியில் கிட்டத்தட்ட 48 சென்டிமீட்டர் மழை. எங்கள் மேட்டின் முன்பக்கம் கத்தியால் வெட்டினாற்போல் போயிருந்தது. அடும்பு வேர்கள் அந்த வெட்டில் கயிறு கயிறாகத் தொங்கின. பின்பக்கம் நின்றது. பூங்காவுக்குள் தேங்கியிருந்தது மழைத் தண்ணீர், அதில் உப்பில்லை. முன்னெச்சரிக்கையாகக் கழற்றி வைக்கச் சொல்லியிருந்த பதினாறு பாதைத் துண்டுகளில் பதினைந்து கழற்றியிருந்தார்கள். மீதி ஒன்றின் போல்ட் இறுகிப்போய் வரவில்லையாம். அது இரண்டு நாள் கழித்து வடக்கே குப்பத்தில் ஒதுங்கியது.

போன மாதம் போயிருந்தேன். வெட்டுப்பட்ட இடம் தூர்ந்து, மேடு முன்னைவிடக் கடல் பக்கம் நகர்ந்திருக்கிறது. இப்போது வேறு தொல்லை. மணல் சேர்ந்து சேர்ந்து பாதையின் கடைசி மூன்று துண்டுகளை மூடிவிடுகிறது, வண்டி அங்கே நின்றுவிடுகிறது. தூக்கி வைத்து அடியில் சரிக்கட்ட மாதத்துக்கு ஒரு முறையாவது நாலு பேர் வேண்டும். அதற்கு எஸ்டிமேட்டில் ஆள் போடவில்லை. பெரியவரின் மூத்த பேரன் தன் கூட்டாளிகளோடு ஞாயிற்றுக்கிழமை வந்து தூக்கி வைக்கிறான். கூலி, செல்போன் கடைக்காரர் பையன்களின் போன் திரையை இலவசமாக மாற்றிக் கொடுப்பது. நான் போன அன்று இரண்டு துண்டு தூக்கியாகிவிட்டது, மூன்றாவதற்கு ஒரு ஆள் குறைந்தது. பையைத் தள்ளுவண்டி அக்காவிடம் கொடுத்துவிட்டு நான் ஒரு மூலையைப் பிடித்தேன்.

"மேடம், முட்டிய மடக்கித் தூக்குங்க, இடுப்ப வளைக்காதீங்க" என்றான் பையன்.