தாடை அறுவையும் செயற்கை நுண்ணறிவும்

தாடைச் சீரமைப்பு அறுவை சிகிச்சையில் செயற்கை நுண்ணறிவு என்றதும் இயந்திரமே கத்தியைப் பிடிப்பதாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அதன் வேலை பெரும்பாலும் அறுவை அரங்குக்கு வெளியே, திட்டமிடும் கணினித் திரையில் நடக்கிறது. 1931இல் தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரேயை வைத்து அளவெடுக்கும் முறை வந்தது முதல், மூக்கின் வேர், மோவாயின் முனை என ஒவ்வொரு புள்ளியையும் மருத்துவர்கள் கையால்தான் குறித்துவந்தார்கள். இன்று பயிற்சி பெற்ற மென்பொருள் அவற்றைச் சில நொடிகளில் குறித்துவிடுகிறது.

என்னை மிகவும் ஈர்ப்பது, கீழ்த்தாடை நரம்பு ஓடும் பாதையைத் தனியே பிரித்துக் காட்டும் பணி. கீழ்த்தாடையின் இருபுறமும் எலும்பை நெடுக்காகப் பிளந்து நகர்த்தும்போது, உள்ளே மெல்லிய குழாயில் செல்லும் அந்த நரம்பு நசுங்கினால் கீழுதடும் மோவாயும் மரத்துப்போகும். சிலருக்கு அந்த மரப்பு மாறாமலே நின்றுவிடும். சிடி ஸ்கேனின் நூற்றுக்கணக்கான அடுக்குகளில் அந்தக் குழாயைத் தேடித் தேடி வண்ணமிடுவது கண்ணை வருத்தும் வேலை. அதை மென்பொருள் நிமிடங்களில் செய்து தருவது பெரிய ஆறுதல். ஆனாலும் குழாயின் சுவர் மெலிந்து மங்கலாகத் தெரியும் இடங்களில் அது வழிதவறக்கூடும் என்பதால், மருத்துவர் ஒவ்வோர் அடுக்காகச் சரிபார்த்தே ஆக வேண்டும்.

அறுவைக்குப் பிந்தைய முகத்தை முன்கூட்டியே காட்டும் படத்தை மட்டும் நான் தயக்கத்தோடு பார்க்கிறேன். எலும்பு நகரும் அளவுக்கே தோலும் தசையும் நகர்வதில்லை. உதடுகளைச் சுற்றித்தான் கணிப்பு அதிகம் பிசகுகிறது. படத்தைக் காட்டும்போதே நோயாளியிடம் இதையும் சொல்லிவிட வேண்டும்.