பூனைக்குட்டிகளின் ரொக்கெட் வரும் முன், வன்னியில் செய்துவைக்க வேண்டியவை

கிட்டன் ஸ்பேஸ் ஏஜென்சி என்ற கணினி விளையாட்டை ஆவலோடு எதிர்பார்க்கிற பிள்ளைகள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இருக்கிறார்கள். நியூசிலாந்தில் டீன் ஹோல் நடத்தும் ரொக்கெட்வெர்க்ஸ் நிறுவனம் அதைச் செய்கிறது. ரொக்கெட் கட்டலாம், ஏவலாம், விரும்பிய கோளுக்குப் போகலாம். "முடிந்தது" என்று ஓர் இடம் இந்த விளையாட்டில் இல்லை. பூனைக்குட்டிகள்தான் விண்வெளி வீரர்கள். விலை வைத்து விற்காமல், விரும்பியவர்கள் தருகிற பணத்தில் நடத்துவதுதான் அவர்கள் சொல்லியிருக்கும் திட்டம். டொலர் கணக்கைப் பார்த்தே விளையாட்டை விட்டுவிடுகிற எங்கள் பகுதிக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை.

இதற்கு முன்னோடி கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம். 2011 இல் முதல் பதிப்பு வந்தது, 2015 இல் 1.0. அதன் இரண்டாம் பாகம் 2023 பெப்ரவரி 24 இல் முழுமையாகாத நிலையில் 49.99 டொலருக்கு வந்து, 2024 நடுப்பகுதியோடு புதுப்பிப்பு நின்றுபோனது. அதனால் முன்னோட்டக் காணொளியின் அழகைப் பார்த்து எதையும் தீர்மானிக்க வேண்டாம். கவனிக்க வேண்டியது அடியில் இருக்கிற எஞ்சினை, அதாவது விளையாட்டை ஓட்டுகிற மென்பொருள் அடித்தளத்தை.

கெர்பலின் பழைய தலைவலி எண்களில் இருந்து வந்தது. அது யூனிட்டி என்ற விளையாட்டு எஞ்சினில் கட்டப்பட்டது. பொருட்களின் இடத்தை யூனிட்டி 32 பிட் எண்ணில் வைக்கிறது. அந்த எண் ஏழு இலக்கம் வரைதான் நம்பகமானது. தொடக்கப் புள்ளியில் இருந்து 600 கிலோமீற்றர் தள்ளிப் போனாலே இரண்டு அடுத்தடுத்த இடங்களுக்கு நடுவே 6 சென்ரிமீற்றர் இடைவெளி விழுந்துவிடும். பாகங்கள் நடுங்கும், பொருத்துகள் விடும், காரணமே இல்லாமல் கப்பல் வெடிக்கும். ஆட்டக்காரர்கள் அதற்குக் கிராக்கன் என்று பேர் வைத்தார்கள். கப்பலை நடுவில் வைத்து உலகத்தையே நகர்த்துகிற உத்தியால் அதைப் பெருமளவு அடக்கினார்கள். இடத்தை அடித்தளத்திலேயே 64 பிட் எண்ணில் வைத்தால் கதை வேறு. 450 கோடி கிலோமீற்றர் தொலைவில் நெப்டியூனுக்குப் பக்கத்தில் நின்றாலும் பிழை 1 மில்லிமீற்றர் அளவில்தான் இருக்கும். ரொக்கெட்வெர்க்ஸ் யூனிட்டியையும் அதுபோன்ற அன்ரியலையும் விட்டு, புரூட்டல் என்ற சொந்த அடித்தளத்தில் கட்டுவதால்தான் இந்த விளையாட்டின் மேல் எங்களுக்கு நம்பிக்கை.

முழுமையான பதிப்பு வரும் வரை சும்மா இருக்கத் தேவையில்லை. சுற்றுப்பாதைக் கணக்கு எந்த விளையாட்டிலும் ஒன்றுதான். உயர்தரத்தில் இணைந்த கணிதமோ பௌதிகவியலோ படிக்கிறவர்களுக்கு வேண்டியதெல்லாம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. ரொக்கெட் எஞ்சினின் தன் கணத்தாக்கை (எரிபொருளை எவ்வளவு சிக்கனமாக எரிக்கிறது என்று காட்டும் செக்கன் எண்) 9.81 ஆல் பெருக்குங்கள். எரிபொருள் நிறைந்த திணிவை, எரிபொருள் தீர்ந்த வெறுந்திணிவால் பிரித்து, அதன் இயற்கை மடக்கையால் மறுபடி பெருக்குங்கள். வருவது டெல்ட்டா-வி, அதாவது அந்தக் கப்பலால் மொத்தமாக மாற்றக்கூடிய வேகம்.

கெர்பலில் செய்துபார்க்க ஒரு கப்பல் சொல்கிறோம். டெரியர் எஞ்சின் 1, எப்எல்-ரி800 தாங்கி 1, எப்எல்-ரி400 தாங்கி 1, எம்கே1 கூடு, பரசூட், வெப்பக் கவசம், இறங்கும் கால்கள், மின்கலம், சூரியத் தகடு. தாங்கிகள் இரண்டிலும் எரிபொருள் 6 தொன். மொத்தத்தை 10 தொன்னுக்குள் வைத்தால் வெறுந்திணிவு 4 தொன். டெரியரின் வெற்றிடத் தன் கணத்தாக்கு 345 செக்கன். கணக்கைப் போட்டால் செக்கனுக்கு 3100 மீற்றர் வரும். இந்தக் கப்பலைக் கீழ்ச் சுற்றுப்பாதையில் கொண்டுபோய் வைக்க, கீழே இன்னும் 3400 தரக்கூடிய அடுக்குகள் வேண்டும்.

அங்கிருந்து மூன் என்ற துணைக்கோளுக்குப் போக 860, அதன் சுற்றுப்பாதையில் நிற்க 310, இறங்க 580, மேலேற 580, வீட்டுக்குத் திரும்ப 310. கூட்டினால் 2640. மிச்சம் 460. இந்த 460 தான் பலரைக் கவிழ்க்கிறது. மூனின் ஈர்ப்பு ஆர்முடுகல் 1.63. தரைக்கு மேலே இடம் தேடித் தொங்கிக்கொண்டு நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் கிட்டத்தட்ட 98 விழுங்கும். ஐந்து நிமிடம் தயங்கினால் திரும்பி வர எரிபொருள் இல்லை. இறங்கும் இடத்தை மேலே சுற்றும்போதே, வெயில் படுகிற பக்கத்தில், பள்ளத்தின் விளிம்பை விட்டுத் தட்டையான நடுவில் தெரிவுசெய்யுங்கள். கால்களை அகலமாக வையுங்கள். உயரமான ஒடுங்கிய கப்பல் 10 பாகைச் சரிவிலேயே சாயும்.

ஏவும்போது நடக்கிற பிழைகளும் பெரும்பாலும் ஒன்றேதான். உந்துவிசைக்கும் எடைக்கும் விகிதம் 1.3 க்கும் 1.7 க்கும் இடையில் இருக்கட்டும். வேகம் செக்கனுக்கு 100 மீற்றரைத் தொட்டதும் கிழக்கே 5 பாகை சரித்துவிட்டு, மூக்கைப் பயணத் திசையிலேயே விடுங்கள். 10 கிலோமீற்றரில் 45 பாகை வந்திருக்க வேண்டும். அந்த உயரத்தில் திடீரென்று திருப்பினால் ரொக்கெட் தலைகுப்புறப் போகும். எரிபொருள் தீரத் தீர ஈர்ப்பு மையம் நகர்வதும், பாரமற்ற அகலமான மூக்கில் காற்று பிடிப்பதுமே காரணம். அடியில் நாலு சிறகு வைத்தால் அநேகமாகச் சரியாகும். பாதையின் உச்சி 80 கிலோமீற்றர் காட்டியதும் எஞ்சினை நிறுத்தி, உச்சிக்கு வந்தபின் கிடையாக எரியுங்கள்.

மூனுக்குப் போக, சுற்றுப்பாதையில் இருந்து முன்னால் மூன் தொடுவானில் எழுகிற நேரம் பயணத் திசையில் எரித்தால் போதும். இந்தக் கப்பலுக்கு அது 127 செக்கன் வேலை. குறித்த புள்ளிக்கு 64 செக்கன் முன்னரே தொடங்குங்கள். திரும்பி வரும்போது தாழ்புள்ளியை 30 முதல் 35 கிலோமீற்றருக்குள் வைத்தால் வளிமண்டலமே நிறுத்தித் தரும். பரசூட்டை அடுக்கு வரிசையில் எஞ்சினோடு ஒரே இடத்தில் விட்டுவிடுவது இன்னொரு வழக்கமான தவறு. ஏவுமுன் வரிசையை ஒருமுறை கீழிருந்து மேலே வாசியுங்கள்.

கெர்பலை வாங்க முடியாதவர்களுக்கு ஓர்பிற்றர் இருக்கிறது. மார்ட்டின் ஷ்வைகர் எழுதிய இலவச மென்பொருள். 2021 இல் அதன் மூலநிரலும் திறந்துவிடப்பட்டது. அதில் இருப்பது உண்மையான பூமி. கெர்பலின் வீட்டுக்கோளுக்கு ஆரை 600 கிலோமீற்றர், பூமிக்கு 6371. சுற்றுப்பாதைக்கு 3400 க்குப் பதிலாக 9400 அளவு வேண்டும். தன் கணத்தாக்கு 320 ஆன ஒற்றை அடுக்கில் பார்த்தால், கெர்பலில் நிறைந்த திணிவு வெறுந்திணிவின் 3 மடங்கு, பூமியில் 20 மடங்கு. புதிய விளையாட்டில் உண்மை அளவிலான கோள்களில் பறப்பவர்களுக்கு இந்தப் பழக்கம் கட்டாயம் உதவும்.

ஓர்பிற்றரில் தொடக்க நிலைக் கோப்பைச் சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்து, கப்பல் நிற்கும் நெடுங்கோட்டை 80.81 என்றும் அகலக்கோட்டை 9.27 என்றும் மாற்றுங்கள். நெடுங்கோடுதான் முதலில் வரும். மாறிப் போட்டால் கப்பல் வடதுருவத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். சரியாகப் போட்டால் முல்லைத்தீவில் நிற்கும். ஓர்பிற்றரோடு வரும் டெல்ட்டா-கிளைடர் என்ற கப்பலில் மேலெழும்பும் எஞ்சின்கள் இருப்பதால் ஓடுபாதை இல்லாமலும் கிளம்பலாம்.

ஏவுதளத்துக்கு முல்லைத்தீவு உண்மையிலேயே நல்ல இடம். கிழக்கே திறந்த கடல். பூமியின் சுழற்சி செக்கனுக்கு 459 மீற்றரை இனாமாகத் தருகிறது. நேர் கிழக்கே நிக்கோபார் தீவுகள் வரை ஏறத்தாழ 1300 கிலோமீற்றருக்குத் தண்ணீர்தான். சர்வதேச விண்வெளி நிலையத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் அதன் சுற்றுப்பாதைத் தளம் 51.6 பாகை சாய்ந்தது. வடக்கிலிருந்து 39 பாகைத் திசை வரும், பூமியின் சுழற்சியைக் கழித்தால் 36. வங்காள விரிகுடாவின் மேலே வடகிழக்காகப் பறப்பீர்கள். நாளுக்கு இரண்டு வாய்ப்பு உண்டு, மற்றையது தென்கிழக்கே திருகோணமலைக் கரையை ஒட்டிப் போகும். வடகிழக்கையே எடுங்கள். நேரம் 4 நிமிடம் பிந்தினால், தளத்தைத் திருத்த மேலே போய் 100 மீற்றர் அளவு வேகம் செலவாகும்.

இனிக் கணினி. சித்திரை வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே பகலில் இந்த வகை விளையாட்டை ஓட்டாதீர்கள். செயலி 95 பாகை அளவைத் தாண்டியதும் தன்னைத் தானே மெதுவாக்கிக்கொள்ளும். படம் விக்குவது அதனால்தான், விளையாட்டின் பிழை அல்ல. பட வேகத்தை 30 அல்லது 60 இல் பூட்டுங்கள். பூட்டாவிட்டால் முதற்பக்கம் சும்மா திறந்திருக்கும்போதே கூட வரைகலை அட்டை முழு வேகத்தில் ஓடும். சோளகம் வீசும் மாதங்களில் செம்மண் தூசி விசிறிக்குள் படை படையாக ஏறும். காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

கெர்பலில் பாகங்கள் நூற்றுக்கணக்கில் கூடினால் மேலே இருக்கிற கடிகாரம் பச்சையிலிருந்து மஞ்சளாகும், கணக்குப் பிந்துகிறது என்று பொருள். இயற்பியல் கணக்கின் பெரும்பகுதியை ஒரே ஒரு செயலி இழைதான் சுமக்கிறது. அட்டையை மாற்றினால் தீராது. பாகத்தைக் குறைக்க வேண்டும்.

மாரி தொடங்குகிற நேரம் மின்னலுக்கு மின்செருகியை மட்டும் கழற்றினால் போதாது, ரவுட்டருக்கு வருகிற தொலைபேசிக் கம்பியையும் கழற்றுங்கள். சேமித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கோப்பு பாதியில் அறுந்துபோகும். சேமிப்புக் கோப்புறையை வாரத்துக்கு ஒருமுறை திகதி போட்டு வேறொரு தட்டில் பிரதி எடுங்கள். திரையையும் பெட்டியையும் ஒழுங்காக மூடுகிற அளவு நேரம் தருகிற சிறு யூபிஎஸ் இருந்தால் நல்லது.

டேட்டா விடயத்தில் ஊரில் ஒருவர் இறக்கினால் போதும். இரவு ஒதுக்கீடு உள்ள பொதியில், கெர்பல் போன்றவற்றை வாங்கி இறக்குகிற ஸ்டீம் செயலியின் புதுப்பிப்பு நேரத்தை நள்ளிரவுக்குப் பின் என்று அமையுங்கள். மற்றவர்கள் அதே ரவுட்டரோடு இணைந்து, ஒரு கணினியில் இருந்து மற்றதுக்கு ஸ்டீம் வழியாகவே மாற்றலாம், வெளி டேட்டா கரையாது. பென்டிரைவில் கொண்டுபோகிறவர்கள் முதலில் அதை எக்ஸ்பற் முறையில் வடிவமைக்க வேண்டும். பழைய பற்32 முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக்கோப்பு ஏறாது.

புதிய விளையாட்டிடம் நாங்கள் கேட்பவையும் சில உண்டு. கெர்பலின் கோள்களுக்கு அச்சுச் சாய்வு இல்லை, அதனால் பருவங்களும் இல்லை. இதில் 23.4 பாகை சாய்ந்த பூமியை எதிர்பார்க்கிறோம். கப்பலுக்குத் தமிழில் பேர் வைத்தால் கொம்பும் காலும் சரியான இடத்தில் வந்து நிற்க வேண்டும்.

ஒவ்வொரு பதிப்பு வரும்போதும் விளையாட்டின் எஞ்சினைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. இரண்டு கப்பல்களைப் பொருத்தி, கப்பல்களின் எஞ்சினை நிறுத்தி, உச்சியையும் தாழ்புள்ளியையும் குறித்துக்கொள்ளுங்கள். நேரத்தை வேகப்படுத்தியும் சாதாரணமாக விட்டும் ஐந்தாறு தடவை மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள். வளிமண்டலத்துக்கு வெளியே, வேறு கோள் இழுக்காத இடத்தில் அந்த இரண்டு எண்களும் மாறக்கூடாது. மாறினால் கப்பலின் பாக எண்ணிக்கையையும் உயரத்தையும் சேர்த்து எழுதி, தயாரிப்பாளர்களுக்கு அனுப்புங்கள்.