பேக் தையல்: இரண்டாவது சுற்று

போன மழைக்காலத்தில் ஒருநாள் ஆபீஸ் பேக்கைத் திறந்தால், லேப்டாப் முழுக்கக் கறுப்புப் பொருக்கு. துணிக்கு உள்பக்கம் பூசியிருந்த பாலியூரித்தேன் ஈரக் காற்றிலேயே மக்கி உதிர்ந்திருக்கிறது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் பேக்கைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அந்த எரிச்சலில் அம்மாவின் கால் மிஷினில் உட்கார்ந்தேன்.

முதல் பேக் மூன்று பழைய ஜீன்ஸில் தைத்தது. போட்டோவில் அழகு. வெறும் பையே 1,150 கிராம். பதினோராம் நாள் பஸ்ஸில் வலது வார் பிய்ந்து, டிபன் பாக்ஸ் உருண்டோடியது. பின் சீட்டு அக்கா காலால் தடுத்து எடுத்துக் கொடுத்தார்.

ஸ்கூல் பேக் ரிப்பேர் செய்யும் அண்ணனிடம் கொண்டுபோனேன். கிழிந்த இடத்தை விரலால் நீவிப் பார்த்தார். "தையல் தாங்கிடுச்சு தம்பி, துணிதான் தாங்கல. முதுகுப் பக்கம் உள்ளே இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்கு ஒரு நாடா ஓடவிடுங்க. வாரை அதுல ஏத்தித் தைங்க. எடையை நாடா சுமக்கும், துணி சும்மா மூடிக்கிட்டு கெடக்கட்டும்."

இரண்டாவதற்கு பாரிமுனை கோடவுன் தெருவில் சாம்பல் நிறப் பருத்தி கேன்வாஸ் வாங்கினேன். அளவு 42 × 28 × 14 செ.மீ., அதாவது ஏறக்குறைய 16½ லிட்டர். இன்னும் பெரிதாகத் தைத்தால் அதையும் நிரப்பிவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா. ஜிப் 8ஆம் நம்பர். அந்த நம்பர், மூடிய பல்வரிசையின் அகலம் கிட்டத்தட்ட எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான். லைனிங்கோடு சேர்க்காமல் தனித் தையலாக வைத்தேன். நாளை ஜிப் போனால் அதை மட்டும் பிரித்து மாற்றலாம்.

வார் சேரும் இடத்தில் ஆறு மடிப்பு. 18ஆம் நம்பர் ஊசி போட்டும், காலால் மிதித்ததில் இரண்டு உடைந்தன. பிறகு சக்கரத்தைக் கையால் உருட்டி, ஒவ்வொரு குத்தாக, சதுரம் போட்டு நடுவில் பெருக்கல் குறி. இரண்டு வாருக்கும் சேர்த்து ஒரு மாலை முழுக்க ஓடிவிட்டது.

மழைக்காகத் தேன்மெழுகும் மெழுகுவத்தியும் உருக்கித் தேய்த்தது வீண் வேலை. குளிர் நாட்டுக்காரர்கள் வீடியோவைப் பார்த்துச் செய்தது. நம் வெயிலில் அது பிசுபிசுத்து, வெள்ளைச் சட்டை முதுகில் வரைபடம் போட்டது. நல்லவேளை, அடிப்பக்கமும் முதுகின் கீழ்விளிம்பும் மட்டும்தான் தேய்த்திருந்தேன். இப்போது கம்பி உடைந்த குடையின் துணியைப் பிரித்து, எலாஸ்டிக் கோத்து உறையாக்கி வைத்திருக்கிறேன்.

முன் பாக்கெட்டுக்கு வீட்டில் கிடந்த பவானி ஜமக்காளத்தின் சிவப்புக் கோட்டுத் துண்டு. வெட்டியதுமே பிசிறு கொட்டியது. நாலு பக்கமும் டேப் வைத்து அடக்கினேன். ஆபீஸில் எங்கே வாங்கியது என்று கேட்கிறார்கள்.

எடை 780 கிராம். ஏழு வாரம் ஆகிறது, வார் அசையவில்லை. இடது பக்க அட்ஜஸ்டர் மட்டும் நடக்க நடக்க நழுவுகிறது. சனிக்கிழமை இரும்பு அட்ஜஸ்டர் மாற்றிப் பார்க்க வேண்டும்.