முதுகு ஊசிக்கு முன்னால் பேசும் பேச்சு

சிசேரியனுக்கு வரும் பெண்கள் மயக்க மருத்துவரான என்னிடம் அடிக்கடி கேட்பது, "மேடம், முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் முதுகுவலி இருக்குமாமே?" அத்தை சொல்லியிருப்பார், இல்லையென்றால் பக்கத்துக் கட்டில்காரர். ஊசியே போடாமல் சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் முதுகு வலிக்கத்தான் செய்கிறது. கர்ப்பத்தில் தளர்ந்த தசைநார்கள், குனிந்தபடி பால் கொடுப்பது என்று காரணம் பல. பழி மட்டும் ஊசிமேல்.

அந்தப் பயம் தியேட்டருக்குள்ளும் கூடவே வருகிறது. முதுகை வளைத்து உட்காரச் சொல்லியிருப்போம்; ஸ்பிரிட் பஞ்சு பட்டதுமே துள்ளி நிமிர்வார்கள். நிமிர்ந்தால் எலும்புகளுக்கு நடுவே ஊசி போக வேண்டிய இடைவெளி சுருங்கிவிடும். ஒரே குத்தில் முடிய வேண்டியது இரண்டு மூன்றாகும். பயந்தது அப்படியே நடந்துவிடும்.

இதில் எங்கள் பங்கும் இருக்கிறது. "சுருக்குனு குத்தும், வலிக்கும், பல்லைக் கடிச்சுக்கோ" என்று நல்ல மனதோடுதான் சொல்கிறோம். அமெரிக்காவில் 140 பிரசவப் பெண்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2010-ல் வெளியானது. முதுகை மரக்கச் செய்யும் முதல் ஊசிக்கு முன்பு ஒரு பிரிவினரிடம், "பெரிய தேனீ கொட்டுவது போலிருக்கும், இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான கட்டம்" என்றார்கள். மற்றவர்களிடம், "இந்த இடம் மரத்துப்போகும், உங்களுக்குச் சௌகரியமாக இருக்கும்" என்றார்கள். பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டபோது முதல் பிரிவின் இடைநிலை அளவு 5, அடுத்ததில் 3. வேறுபட்டது பேச்சு மட்டும்தான்.

வலிக்கும் என்று எதிர்பார்ப்பதாலேயே வலி கூடுவதற்கு நோசீபோ என்று பெயர். மனப்பிரமை என்று தள்ளிவிட முடியாது. வலி வரப்போகிறது என்ற பதற்றம், கோலிசிஸ்டோகைனின் என்ற மூளை வேதிப்பொருள் வழியாக வலியைக் கூட்டுகிறது என்று இத்தாலிய ஆய்வாளர் பெனடெட்டியின் குழு காட்டியிருக்கிறது.

சரி, அதற்காக எதையும் மறைக்கலாமா? கூடாது. தலைவலி வரலாம், பிரஷர் குறைந்து குமட்டலாம் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். "அப்படி இருந்தா உடனே சொல்லும்மா, மருந்து என் கையிலேயே இருக்கு" என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். குழந்தையை எடுக்கும்போது இழுப்பதும் அழுத்துவதும் தெரியும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். முன்பே சொல்லாவிட்டால், அந்த நேரத்தில் மருந்து வேலை செய்யவில்லை என்று மிரண்டுபோவார்கள்.

ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியாது. கத்தி பட்ட பிறகு "வலிக்குது" என்று கதறும் பெண்ணை, "எல்லாம் பயம்தான்" என்று சிலர் அதட்டுகிறார்கள். முதலில் அறுவையை நிறுத்தச் சொல்வேன். வலி அடங்க மருந்து கொடுத்து, "இப்போ பரவாயில்லை" என்று அவரே சொன்ன பிறகுதான் தொடர விடுவேன்.