அடுத்த வருசம்

"தம்பி, இதுக்குள்ள கொப்பி பாக்கிறவர எங்க போடுற?" என்று கூத்துப் பழக்கும் அண்ணாவியார் கேட்டபோது, நான் கலைஞர் கௌரவிப்புப் படிவத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தேன், அங்கே கிராம உத்தியோகத்தர் ஒப்பமிடும் இடம் மட்டுமே இருந்தது. "அவருக்கு அடுத்த வருசம் போடுவம், ஐயா" என்றேன். சொன்ன நேரத்தில் அது பொய்யன்று.

கலாசார உத்தியோகத்தராக இருந்து அண்ணாவியாரின் பெயரைப் பரிந்துரைத்தவன் நானே. வடமோடிக் கூத்தில் அவருக்கு நிகராக எங்கள் பிரதேசத்தில் எவருமில்லை என்பதில் இன்றும் எனக்கு ஐயமில்லை. ஆனால் பாத்திரங்களைப் பகிர்ந்து சட்டங்கொடுத்த நாளிலிருந்து சதங்கை அணிதல், கிழமைக் கூத்து, அடுக்குப் பார்த்தல் என்ற பழக்கப் படிகள் எல்லாம் கடந்து அரங்கேற்றம்வரை அண்ணாவியாரின் இரு கைகளும் மத்தளத்திலேயே இருப்பதால், கூத்தர் தடுமாறுமுன் அடுத்த அடியை எடுத்துக்கொடுக்கப் பாட்டுக் கொப்பியோடு இன்னொருவர் நின்றாக வேண்டும். விடியும்வரை கூத்து ஆடும் களரிக்குள் நிற்கும் அந்த மனிதரை யாரும் பார்ப்பதில்லை. படிவம் நிரப்பும்வரை நானும் பார்த்ததில்லை. அவரையும் சேர்த்திருந்தால் சல்லாரித் தாளம் போடுபவர், பிற்பாட்டுக்காரர், உடுப்புக் கட்டுபவர் என்று கடைசியில் ஊருக்கே பொன்னாடை போர்த்த வேண்டி வந்திருக்கும் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவருக்குக் கூத்துப் பழக்கிய வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரின் வரிசையில் இவரையும் வைத்து நான் எழுதிய குறிப்பு மேடையில் வாசிக்கப்பட்டது. பொன்னாடையின் சரிகை சட்டைப் பொத்தானில் சிக்கிக்கொள்ள, அவர் குனிந்து அதை விடுவித்துக்கொண்டிருந்தார். கொப்பி பார்ப்பவர் விழாவுக்கு வரவில்லை.

அடுத்த களரிக்கும் அவர் வரவில்லை. அவருடைய பேரன் கைபேசி வெளிச்சத்தில் கொப்பியைப் பிடித்து நின்றான். தாத்தாவுக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது என்றான். எனக்கு அது ஆறுதலாகவே இருந்தது. ஆனால் அந்த வெள்ளை முந்தைய ஆண்டே இருந்தது. அதோடுதான் அவர் விடியும்வரை நின்றார். பாட்டு முழுவதும் அவருக்கு மனப்பாடம். கொப்பி கையில் இருந்தது ஒரு முறைமைக்காக மட்டுமே.

அவ்வாண்டே எனக்குத் திருக்கோவில் பக்கம் இடமாற்றம் வந்தது. அவரைப் பற்றி ஒப்படைப்புப் பட்டியலில் குறித்துவைத்தேன் என்றே நெடுநாள் நம்பியிருந்தேன். சென்ற மாதம் அதன் பிரதியை எடுத்துப் பார்த்தேன். அலுமாரி 1, மத்தளம் 2, சல்லாரி 3 சோடி என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. பொருட்பட்டியலில் ஆட்பெயர் எழுதும் வழக்கம் எங்கள் அலுவலகங்களில் இல்லை.